போர்க்கால அயர்லாந்தின் விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களின் விமானக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று போய்விடுவார்கள். அயர்லாந்து நடுவில் விடுபட்டுப்போகும். போர் விமானிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அப்படித்தான் விடுபடும். துணி நெய்தவர்கள், ஆணி அறைந்தவர்கள், கடற்கரையில் கண்விழித்து உட்கார்ந்திருந்தவர்கள் ஆகியோரையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிறிய தீவின் பங்கு பெரியது. இதைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அயர்லாந்து என்றால் எந்த அயர்லாந்து? வடக்கா, தெற்கா?

இரண்டும்தான். முதல் உலகப் போர் நடந்தபோது தீவு முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1921-இல் தீவு பிரிக்கப்பட்டது. பெல்பாஸ்ட்டைத் தலைநகராகக் கொண்ட வடக்கின் ஆறு கவுண்டிகள் பிரிட்டனோடு நின்றன. டப்ளினைத் தலைநகராகக் கொண்ட தெற்கு 1922-இல் தனி நாடானது. இரண்டாம் உலகப் போரில் வடக்கு போருக்குள் இருந்தது, தெற்கு நடுநிலை வகித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளவை குழப்பாது.

அங்கே முதலில் விமானம் கட்டியது யார்?

ஹாரி ஃபெர்குசன். பின்னாளில் டிராக்டருக்குப் பேர்போன அதே ஃபெர்குசன்தான். 1909 டிசம்பர் 31 அன்று, ஹில்ஸ்பரோ என்ற ஊரில், தானே வடிவமைத்துக் கட்டிய விமானத்தில் சுமார் 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் எஞ்சின் விமானம் பறந்தது அதுவே முதல்முறை.

அடுத்த வருடமே லிலியன் பிளாண்ட் என்ற பெண் பெல்பாஸ்ட் பக்கத்தில் 'மேஃப்ளை' என்ற விமானத்தைத் தானே கட்டிப் பறக்கவிட்டார். எஞ்சின் வந்துவிட்டது, எரிபொருள் டாங்கி வந்து சேரவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரு விஸ்கி பாட்டிலையும், காது கேளாத அத்தை வைத்திருந்த ஊதுகுழல் போன்ற கேட்புக் குழாயையும் இணைத்து அதன் வழியே பெட்ரோல் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். அயர்லாந்து விமானக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான்.

முதல் உலகப் போரில் உண்மையிலேயே விமானங்கள் கட்டினார்களா?

கட்டினார்கள், அதுவும் டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் தளத்திலேயே. அந்தக் காலத்து விமானத்தின் உடலில் பெரும்பகுதி மரம்தான். சொகுசுக் கப்பல்களின் அறைகளுக்கு வேலைப்பாடு செய்த தச்சர்கள் பெல்பாஸ்ட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு இறக்கையின் மரச்சட்டம் அறுப்பது அந்நியமான வேலை அல்ல. அவ்ரோ 504, டி ஹாவிலண்ட் டிஹெச் 6 போன்ற பயிற்சி விமானங்கள் அங்கிருந்து வெளிவந்தன.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் வந்தது. பெர்லின் வரை போய்க் குண்டு போடுவதற்காக ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் வடிவமைத்த வி/1500. நான்கு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்கள், 126 அடி இறக்கை அகலம். ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக இதன் தயாரிப்பைப் பெல்பாஸ்ட்டில் கொடுத்தார்கள். முதல் விமானத்தின் பாகங்கள் அங்கே செய்யப்பட்டு லண்டனுக்குப் போய், கிரிக்கிள்வுட்டில் பொருத்தப்பட்டு, 1918 மே மாதம் பறந்தது. பெல்பாஸ்ட்டில் முழுதாகக் கட்டப்படும் விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்க்க ஆல்டர்குரோவ் என்ற இடத்தில் மைதானம் அமைத்தார்கள். இன்றைய பெல்பாஸ்ட் சர்வதேச விமான நிலையம் அதே இடத்தில்தான் இருக்கிறது. பெர்லின் தப்பித்தது. மூன்று வி/1500 விமானங்கள் இங்கிலாந்தில் தயாராக நின்றபோது போர்நிறுத்தம் வந்துவிட்டது.

லினன் துணிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். அன்றைய விமானத்தின் இறக்கை என்பது மரச்சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்த துணி. அந்தத் துணி லேசாக இருக்க வேண்டும், கிழியக்கூடாது, மழையில் நனைந்து தளர்ந்துவிடவும் கூடாது. ஆளிச் செடியின் நாரிலிருந்து வரும் லினன் நூல் நனைந்தால் இன்னும் உறுதியாகும். அதைச் சட்டத்தின் மேல் தைத்து, 'டோப்' என்ற பூச்சைப் பூசுவார்கள். அது காயும்போது துணி சுருங்கி, மிருதங்கத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். அப்புறம் தான் இறக்கை காற்றைத் தாங்கும்.

உலகத்திலேயே பெரிய லினன் நகரம் அப்போது பெல்பாஸ்ட். போர் தொடங்கியதும் நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. நூற்பாலைகளுக்கு வேண்டிய நாரில் பெரும்பகுதி பெல்ஜியத்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. பெல்ஜியம் 1914-இலேயே ஜெர்மானியர் கைக்குப் போனது. 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்ய வரத்தும் சிதறிப்போனது. விமானத் தேவையோ மாதாமாதம் ஏறியது. தீவின் வடபகுதியான அல்ஸ்டரின் விவசாயிகள் ஆளி விதைக்கும் பரப்பை அதிகப்படுத்தினார்கள். அறுவடை செய்த தண்டைக் குட்டைகளில் ஊறப்போட்டு அழுகவிட்டு நார் பிரிப்பது கொடுமையான வேலை. நாற்றம் ஊரையே தூக்கும்.

நூற்பாலைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். ஈர நூற்பு அறைகளில் தரையெல்லாம் தண்ணீர், காற்றெல்லாம் நீராவி. வெறுங்காலோடு நின்று வேலை பார்த்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் புகழ்பெற்ற விமானி ஒவ்வொருவரின் பெயரையும் நாம் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்த இறக்கைத் துணியை நூற்ற பெண்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. இந்தத் துறை வரலாற்றின் பெரிய குறை இது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரிலும் லினன் தேவை தீரவில்லை. பிரிட்டன் வான்போரில் புகழ்பெற்ற ஹரிக்கேன் விமானத்தின் உடல் பின்பகுதி துணியால் மூடப்பட்டதுதான்.

அமெரிக்கக் கடற்படை அயர்லாந்தில் விமான நிலையம் வைத்திருந்ததா?

1918-இல் வைத்திருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அயர்லாந்தைச் சுற்றித்தான் கப்பல்களை வேட்டையாடின. அமெரிக்காவிலிருந்து வரும் எல்லாமே அந்தக் கடல்வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதனால் கார்க் துறைமுகத்தின் அகாடா, வெக்ஸ்ஃபோர்ட், பான்ட்ரி விரிகுடாவின் விடி தீவு, வடக்கே லோக் ஃபாயில் ஆகிய இடங்களில் பறக்கும் படகுகளுக்கான, அதாவது தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும் விமானங்களுக்கான, நிலையங்கள் எழும்பின. பேர்ஹேவனில் கண்காணிப்பு பலூன்கள். அதற்கு முன்பே பிரிட்டிஷ் கடற்படையின் சிறு வான்கப்பல்கள் டப்ளின் அருகே மாலஹைட் கோட்டை வளாகம் வரை வந்து போயின.

நிலையங்கள் முழுமூச்சாக வேலை செய்யத் தொடங்கியபோது போரே முடியும் தறுவாயில் இருந்தது. அவ்வளவு காவலுக்கு நடுவிலும் 1918 அக்டோபர் 10 அன்று டப்ளின் கடலில் ஆர்எம்எஸ் லெயின்ஸ்டர் என்ற அஞ்சல் கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மைக்கேல் காலின்ஸ் தப்பி ஓடுவதற்காக விமானம் வாங்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1921 கடைசியில் அயர்லாந்தின் விடுதலைத் தலைவர்கள் லண்டனில் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். பேச்சு முறிந்தால் காலின்ஸ் கைதாகும் ஆபத்து இருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வர மார்டின்சைட் பயணி விமானம் ஒன்றை வேறு காரணம் சொல்லி வாங்கினார்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து பழகிய சார்லஸ் ரஸ்ஸல், வில்லியம் மெக்ஸ்வீனி என்ற இருவர்தான் இதற்குப் பின்னால் இருந்தவர்கள். டிசம்பர் 6-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானதால் விமானத்துக்கு வேலை இல்லாமல் போனது. 1922 ஜூனில் அது டப்ளினுக்கு வெளியே பால்டனல் தளத்துக்கு வந்து, புதிய நாட்டின் முதல் ராணுவ விமானமானது. 'பெரிய ஆள்' என்ற காலின்ஸின் பட்டப்பெயரையே அதற்கும் வைத்தார்கள். அந்த விமானம் இன்று இல்லை. காப்பாற்றி வைத்திருக்க வேண்டிய பொருள்.

இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாட்டிடம் என்ன விமானப்படை இருந்தது?

மிகச் சிறியது. போருக்குச் சற்று முன் வாங்கிய நான்கு கிளாடியேட்டர் சண்டை விமானங்கள், சில அவ்ரோ ஆன்சன்கள், லைசாண்டர்கள், மூன்று வால்ரஸ் கடல் விமானங்கள், பயிற்சி விமானங்கள். பிரிட்டன் தன் தேவைக்கே திணறிக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு யாரும் விற்கவில்லை.

அப்போது வானத்திலிருந்து விழுந்ததை வைத்தே படையை வளர்த்தார்கள். 1940 செப்டம்பரில் வெக்ஸ்ஃபோர்டில் ஒரு பிரிட்டிஷ் ஹரிக்கேன் இறங்கியது. 1941 ஜனவரியில் ஸ்லைகோவில் ஒரு ஹட்சன், அந்த ஏப்ரலில் வாட்டர்ஃபோர்ட் பக்கம் ஒரு ஃபேரி பேட்டில். மூன்றும் அயர்லாந்து படையில் சேர்ந்து புது எண்களோடு பறந்தன. பின்னர் 1943-இல் பிரிட்டனே ஹரிக்கேன்களை விற்றது. பால்டனல் பட்டறை மெக்கானிக்குகள் கையேடு கூடச் சரியாக இல்லாத எஞ்சின்களைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததை, சண்டையில் நூறு விமானம் வீழ்த்தியதற்குச் சமமாக மதிக்கிறேன்.

1942 ஜனவரியில் வேறு மாதிரி ஒரு சம்பவம். படையைச் சேர்ந்த நான்கு பேர் ஒரு வால்ரஸைத் திருடிக்கொண்டு, ஜெர்மானியர் பக்கம் சேர பிரான்ஸ் நோக்கிப் பறந்தார்கள். வழியில் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்கள் மறித்து கார்ன்வாலில் இறக்கிவிட்டன. அந்த வால்ரஸ் இன்று இங்கிலாந்தின் யோவில்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெல்பாஸ்ட்டில் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம் கட்டிய கதை என்ன?

1936-இல் ஷார்ட் பிரதர்ஸ் என்ற விமான நிறுவனமும் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃபும் சேர்ந்து ஷார்ட் அண்ட் ஹார்லண்ட் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. பெல்பாஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க காரணம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து தூரம். கப்பல் தொழில் சரிந்து, தேர்ந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டி குவீன்ஸ் தீவில் ஆலை, பக்கத்திலேயே சிடன்ஹாம் ஓடுதளம்.

முதலில் 50 பிரிஸ்டல் பாம்பே விமானங்கள், பிறகு ஹியர்ஃபோர்ட். ஹியர்ஃபோர்டின் எஞ்சின்கள் சூடேறிப் படுத்துவிடும். பெரும்பாலானவை பயிற்சிக்கே போயின. உண்மையான வேலை ஸ்டெர்லிங்கில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் பணியில் சேர்ந்த முதல் நான்கு எஞ்சின் கனரகக் குண்டுவீச்சு விமானம் இது. 14,000 பவுண்டு வரை குண்டு சுமக்கும். மொத்தம் 2,300-க்கும் மேல் கட்டப்பட்டன, அவற்றில் ஆயிரத்துக்கும் அதிகமானவை பெல்பாஸ்ட் ஆலையின் கணக்கு.

விமானத்துக்கு இருந்த குறைகளையும் சொல்ல வேண்டும். இறக்கை அகலம் 100 அடிக்குச் சற்றே குறைவு. இவ்வளவு எடைக்கு அது போதாது, அதனால் உயரம் ஏறாது. லங்காஸ்டர் என்ற மற்றொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் மேலே பறக்க, ஸ்டெர்லிங்குகள் தாழ்வாகப் போய் பீரங்கிக் குண்டுகளை வாங்கிக்கொண்டன. சக்கரங்களைத் தாங்கும் கால்கள் நெட்டையானவை, சிக்கலானவை, தரையிறங்கும்போது உடைந்து தொல்லை தந்தன. குண்டு அறை தடுப்புகளாகப் பிரிந்திருந்ததால் பெரிய குண்டுகளை ஏற்ற முடியவில்லை. 1943 கடைசியில் ஜெர்மனி மீதான முக்கியத் தாக்குதல்களிலிருந்து விலக்கிவிட்டார்கள். அதன்பின் கிளைடர் என்ற எஞ்சின் இல்லா விமானங்களை இழுப்பது, வீரர்களை இறக்குவது என்று பிரான்சின் நார்மண்டியிலும் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமிலும் அது ஆற்றிய பணி மதிக்கத்தக்கது. ஆனாலும் விமானிகள் அதை விரும்பியதுண்டு. அந்த எடைக்கு அது வளைந்து திரும்பும் லாவகம் அபாரம்.

1941-இல் பெல்பாஸ்ட் மீது நடந்த குண்டுவீச்சுக்குப் பிறகு ஒரே ஆலையில் எல்லாவற்றையும் வைத்திருப்பது ஆபத்து என்று வேலையைப் பிரித்தார்கள். கிங்ஸ் ஹால் என்ற கண்காட்சிக் கூடத்தில்கூட பாகங்கள் செய்தார்கள். லாங் கெஷ், மகாபெரி ஆகிய விமானத் தளங்களில் விமானங்களைப் பொருத்தினார்கள். தொழிலாளர் படையில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். சண்டர்லண்ட் பறக்கும் படகுகளும் இதே பெல்பாஸ்ட்டில் நூற்றுக்கும் மேல் கட்டப்பட்டன. நியூட்டவுனார்ட்ஸில் மைல்ஸ் நிறுவனம் மெசஞ்சர் என்ற சிறு விமானத்தைக் கட்டியது. அதன் பாகங்களை பான்பிரிட்ஜில் ஒரு லினன் ஆலையில் செய்தார்கள். மறுபடியும் லினன் ஊர்தான்!

இவை போக, லோக் நே ஏரிக்கரையின் லாங்ஃபோர்ட் லாட்ஜில் அமெரிக்கப் படை லாக்ஹீட் நிறுவனத்தை வைத்து பெரிய பழுதுபார்ப்பு, மாற்றியமைப்புக் கூடம் நடத்தியது.

இவ்வளவு கட்டியும், முழுமையான ஸ்டெர்லிங் ஒன்றுகூட உலகில் மிஞ்சவில்லை.

பெல்பாஸ்ட், டப்ளின் மீது குண்டு விழுந்ததா?

இரண்டிலும் விழுந்தது. 1941 ஏப்ரல் 15 இரவு பெல்பாஸ்ட்டில் சுமார் 900 பேர் இறந்தார்கள். பதுங்கு இடங்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் மிகக் குறைவு. 'இவ்வளவு தூரம் வரமாட்டான்' என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது. மறுநாள் அதிகாலை உதவி கேட்டு டப்ளினுக்குத் தகவல் போனது. எல்லையைத் தாண்டி 13 தீயணைப்பு வண்டிகள் டப்ளின், டன் லேரி, டுரோஹெடா, டண்டாக் ஊர்களிலிருந்து வடக்கே விரைந்தன. நடுநிலை நாட்டின் தீயணைப்பாளர்கள் போரிடும் நாட்டின் நகரத்துக்குப் போய் நெருப்போடு போராடியதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. மே மாதத் தொடக்கத்தில் வந்த அடுத்த தாக்குதல் துறைமுகத்தையும் விமான ஆலையையும் பதம் பார்த்தது.

டப்ளின் நார்த் ஸ்டிராண்ட் பகுதியில் மே 31 அதிகாலை விழுந்த குண்டில் 28 பேர் இறந்தார்கள். பின்னாளில் மேற்கு ஜெர்மனி இழப்பீடு தந்தது.

டொனிகால் வழித்தடம் என்கிறார்களே, அது என்ன?

வடக்கு அயர்லாந்தின் லோக் ஏர்ன் ஏரி பறக்கும் படகுகளுக்கு அருமையான இடம். ஆனால் அங்கிருந்து அட்லாண்டிக்குக்கு நேராகப் போக வேண்டுமானால் நடுவே நடுநிலை நாட்டின் குறுகலான நிலத்துண்டு. அதைத் தவிர்த்தால் வடக்கே பெரிய சுற்று. 1941 ஜனவரியிலிருந்து, பெலீக்குக்கும் பாலிஷானனுக்கும் இடையே உள்ள சில மைல் வழியே பறந்து போக டப்ளின் அரசு சத்தமில்லாமல் அனுமதித்தது. நாலே மாதத்தில் அதற்குப் பலன் தெரிந்தது. மே 26 அன்று லோக் ஏர்னின் காசில் ஆர்ச்டேலிலிருந்து கிளம்பிய கேட்டலினா என்ற பறக்கும் படகு ஒன்று, தேடித் தேடிக் காணாமல் போயிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்தது. மறுநாள் பிஸ்மார்க் மூழ்கியது.

அப்படியானால் அந்த நடுநிலை பொய்யா?

பொய் இல்லை. துறைமுகங்களை பிரிட்டனுக்குத் தர அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா கடைசிவரை மறுத்தார், அதனால் கசப்பும் இருந்தது. ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. மேயோ கரையின் பிளாக்சாட் வானிலை நிலையத்திலிருந்து 1944 ஜூன் தொடக்கத்தில் மொரீன் ஃபிளாவின் அனுப்பிய வானிலை அளவுகள், நார்மண்டித் தரையிறக்கத்தை ஜூன் 5-லிருந்து 6-க்குத் தள்ளிவைக்க உதவின. அவருக்கு அப்போது வயது 21. தான் அனுப்பிய எண்கள் எதற்குப் பயன்பட்டன என்பது அவருக்குத் தெரியாது.

அயர்லாந்தில் விழுந்த விமானிகளை என்ன செய்தார்கள்?

தொடக்கத்தில் இரு தரப்பையும் கர்ரா முகாமில் அடைத்தார்கள். 1940 ஆகஸ்டில் கெர்ரியின் பிராண்டன் மலையில் ஒரு ஜெர்மன் காண்டர் விமானம் மோதியது. ஆறு பேரும் பிழைத்தார்கள். அங்கே முதலில் அடைபட்ட ஜெர்மானியர்கள் அவர்கள்தான். நேச நாட்டு விமானிகள் வேலியின் மறுபக்கம். 'தப்பிக்கமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் வெளியே போய் வரலாம்.

ரோலண்ட் வுல்ஃப் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்தவர். 1941 நவம்பர் 30 அன்று எஞ்சின் கெட்டு, டொனிகாலின் சதுப்பு நிலத்தில் ஸ்பிட்ஃபயரை விட்டுக் குதித்தார். டிசம்பரில் முகாமிலிருந்து நழுவி பெல்பாஸ்ட் சேர்ந்தார். வாக்கு மீறி வந்தவர் என்று பிரிட்டனே அவரைத் திருப்பி அனுப்பிவைத்தது. அவருடைய விமானத்தை 2011-இல் சதுப்பிலிருந்து தோண்டி எடுத்தார்கள். 70 வருடம் புதைந்து கிடந்த இயந்திரத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து சுட்டுப் பார்த்தபோது அது வேலை செய்தது.

1943 வாக்கில் நேச நாட்டு விமானிகளைச் சத்தமில்லாமல் எல்லை தாண்டி அனுப்பிவிடுவது வழக்கமானது. அந்த ஏப்ரலில் கிளோனகில்டி அருகே சதுப்பில் இறங்கிய பி-17 குண்டுவீச்சு விமானத்தில் டோஜோ என்ற குரங்கும் வந்தது. அது அங்கேயே இறந்துபோனது, ஊரில் அதற்குச் சிலைகூட இருக்கிறது.

கடற்கரையில் 'ஏரா' என்று கல்லில் எழுதியது எதற்கு?

கீழே தெரிவது நடுநிலை நாடு என்று விமானிகளுக்குச் சொல்ல. ஐரிஷ் மொழியில் அயர்லாந்தின் பெயர்தான் 'ஏரா'. கரை நெடுக 80-க்கும் மேற்பட்ட கண்காணிப்புக் குடில்கள் இருந்தன. உள்ளூர் ஆட்கள் முறைபோட்டு இரவும் பகலும் கடலையும் வானையும் பார்த்துத் தொலைபேசியில் தகவல் சொன்னார்கள். குடிலுக்குப் பக்கத்தில் கற்களை அடுக்கி, வெள்ளையடித்து நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் சேர்த்தார்கள், அமெரிக்க விமானிகள் வழி கண்டுபிடிக்க அது பெரிய உதவி. 2018-இல் பிரே ஹெட் மலையில் புதர்த்தீ அணைந்தபின் புதைந்துபோன எழுத்துகள் மறுபடி வெளியே தெரிந்தன.

பெயர் சொல்லும்படியான அயர்லாந்து விமானிகள்?

முதல் போரில் ஐரிஷ் குடும்பத்தைச் சேர்ந்த மிக் மானக், அவரிடம் பழகிய டப்ளின்காரர் ஜார்ஜ் மெக்எல்ராய். வான்சண்டையில் 61 வெற்றி, 47 வெற்றி என்று அவர்கள் கணக்கு. 1918 ஜூலை கடைசியில் ஒரே வாரத்துக்குள் இருவரும் இறந்தார்கள். இரண்டாம் போரில் டப்ளினில் பிறந்த பேடி ஃபினுகேன், 21 வயதிலேயே விங் கமாண்டர். அப்பா 1916-இல் பிரிட்டனுக்கு எதிராகக் கிளர்ச்சியில் நின்றவர், மகன் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரில் அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் இலையை வரைந்துகொண்டு பறந்தார். 1942 ஜூலை 15 அன்று பிரெஞ்சுக் கரையோரக் கடலில் அவர் விமானம் விழுந்தது.

இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

லாங் கெஷ்ஷில் இருந்து தொடங்குங்கள். ஸ்டெர்லிங்குகளைப் பொருத்திய காலத்து விமானக் கொட்டகைகளில் அல்ஸ்டர் விமானச் சங்கம் தன் சேகரிப்பை வைத்திருக்கிறது. 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஏரியில் விழுந்து, நாற்பது வருடம் கழித்து வெளியே எடுக்கப்பட்ட வைல்ட்கேட் விமானம் அங்கே உண்டு. போகுமுன் அனுமதி நாட்களை விசாரித்துக்கொள்ளுங்கள். டெர்ரியின் டவர் அருங்காட்சியகத்தில் வுல்ஃபின் ஸ்பிட்ஃபயர் எச்சங்கள். தெற்கே லிமரிக் கவுண்டியின் ஃபாயின்ஸில் பறக்கும் படகு அருங்காட்சியகம், போயிங் 314 என்ற பறக்கும் படகின் முழு அளவு மாதிரியோடு. வடகோடி மாலின் ஹெட்டில் அந்த வெள்ளைக் கல் எழுத்துகளும் 80 என்ற எண்ணும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.